தெருவில் பார்த்தால் நாமாகக் கூப்பிடக் கூடாது

இதை எழுதாமலே விட்டுவிடத்தான் இருந்தேன். ஆபீஸில் வாரம் ஒரு முறை ஃபைல் எழுதச் சொல்லி உயிரை எடுக்கிறார்கள். அதையே மூன்று வாரம் சேர்த்துவைத்து, ஒரே பேனாவில் ஒரே மத்தியானத்தில் எழுதி மாட்டிக்கொள்கிறவன் நான். யாரும் கேட்காமல் நானாக உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் என் வீட்டிலேயே நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஆனாலும் எழுதுகிறேன். காரணம், எனக்கும் என் நண்பனுக்கும் இரண்டு வருடமாக ஓடுகிற ஒரு தகராறு. நான் சோஷியல் ஒர்க்கரா, இல்லையா என்பதுதான் தகராறு.

அவனும் நானும் ஆனையூரில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அவன் அங்கிருந்து நேராகப் படித்துக்கொண்டே போய் சமூகப்பணியில் எம்.ஏ. வரைக்கும் முடித்துவிட்டான். நான் பன்னிரண்டாவதில் ஒரு பாடத்தில் கோட்டை விட்டேன், திரும்ப எழுதி அதே பாடத்தில் திரும்பக் கோட்டை விட்டேன். பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஒரு வருடம் பஸ் பாஸ் வாங்கினேன். அப்புறம் விளாங்குடியில் ரோட்டோரம் குடை போட்டு சிம் கார்டு விற்றேன். அந்தக் குடைக்கு அடியில் வந்து நின்றுதான் ஒரு நாள் அவன் கேட்டான்.

“மாப்ள, எங்க ஆபீஸ்ல ஃபீல்டுக்கு ஆள் வேணும். ஒனக்கு வாய் இருக்கு, வண்டி இருக்கு. வர்றியா?”

“மூள வேணாமா?”

“அதுக்கு நான் இருக்கேன்.”

அப்படித்தான் சேர்ந்தேன். மனநோய் வந்து குணமாகி வருகிறவர்களுக்குத் துணை நிற்பது எங்கள் வேலை. வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம், வீட்டு ஆட்களிடம் பேசுவோம், மறுபடி வேலைக்குப் போக வழி பண்ணுவோம். மாதம் ஒரு வியாழக்கிழமை டாக்டர் எங்கள் ஆபீஸுக்கே வருவார், மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். அவனுடைய அடையாள அட்டையில் ‘சோஷியல் ஒர்க்கர்’ என்று போட்டிருக்கும். என்னுடையதில் ‘களப்பணியாளர்’. நான் யார் வீட்டுக்குப் போனாலும் “சோஷியல் ஒர்க்கர் வந்துருக்கேன்க்கா” என்றுதான் சொல்வேன். அவன் முறைப்பான்.

“அது ஒரு தொழில்டா. டாக்டர் மாதிரி, வக்கீல் மாதிரி. அதுக்குன்னு தியரி இருக்கு, நெறி இருக்கு.”

“நான் போன பத்தாவது நிமிசத்துல அந்த வீட்ல காப்பி குடுக்குறாக. நீ ஒன் நெறியோட அர மணி நேரமா வாசல்ல நிக்கிற. யாருடா சோஷியல் ஒர்க்கர்?”

இதில் நான் பொய் சொல்லவில்லை. எந்த வீட்டிலும் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் எனக்கு அங்கே ஒரு உறவுமுறை கிடைத்துவிடும். அண்ணே, அக்கா, சித்தி, ஏதாவது ஒன்று. சிம் கார்டு விற்றவனுக்கு இது கூட வராவிட்டால் எப்படி?

அவனிடம் தடித்தடியாகப் புத்தகங்கள் இருந்தன. அதிலிருந்து எதையாவது எடுத்து எனக்கு வகுப்பு எடுப்பான். எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த வட்டப்படம். ஒரு தாளின் நடுவில் ஒரு வட்டம் போட்டு அதில் நாம் பார்க்கிற ஆளின் பேரை எழுத வேண்டும். சுற்றிலும் சின்ன வட்டங்கள்: வீடு, வேலை, சொந்தக்காரர், கோயில், ஆஸ்பத்திரி. எதோடு உறவு பலமோ அதற்குத் தடித்த கோடு, பலவீனம் என்றால் புள்ளிக்கோடு. ஒரு மனுசனைத் தனியாகப் பார்க்கக் கூடாதாம், அவனைச் சுற்றி இருப்பதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

“மார்கழி மாசம் வாசல்ல போட்டா பரிசு கெடைக்கும்” என்றேன். அவன் என் முதுகில் புத்தகத்தாலேயே போட்டான். கனமான தியரி என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொரு விதியும் சொன்னான். நாம் பார்க்கிறவர்களைத் தெருவில், கடையில், கல்யாண வீட்டில் எங்கே பார்த்தாலும் நாமாகக் கூப்பிடக் கூடாது. அவர்களாகக் கூப்பிட்டால் பேசலாம். கூப்பிடாவிட்டால், தெரியாத ஆள் மாதிரி போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“மாப்ள, பாத்துட்டுப் பாக்காத மாதிரி போனான்னு எங்க பெரியப்பா வீட்டுல நாலு வருசமா பேச்சுவார்த்த இல்ல. இது மதுரடா. இந்த விதிய எழுதுனவன் ஒரு தடவ நம்மூரு டவுன் பஸ்ல வந்து பாக்கட்டும்.”

“அவங்க யாருன்னு நாலு பேருக்குத் தெரியணுமா வேணாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். நீ இல்ல.”

“வணக்கம் சொன்னா தெரிஞ்சுருமாக்கும்.”

அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டோம். நான் விதியையும் அங்கேயே விட்டுவிட்டேன்.

நான் பார்த்துவந்த வீடுகளில் எனக்கு ரொம்ப இஷ்டமானது வில்லாபுரத்தில் ஒரு கட்டிங் மாஸ்டர் வீடு. அவருக்கு நாற்பது வயதிருக்கும். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற ஒரு யூனிட்டில் எட்டு வருடமாகத் துணி வெட்டுகிறவர். எட்டுப் பத்துத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, ஒரே கத்திரியில் அப்படியே வெட்டி எடுப்பார். அந்தக் கத்திரி முதலாளி கொடுத்ததல்ல, அவர் சொந்தமாக வாங்கியது. கட்டைவிரல் வளையத்தில் பழைய துணியைச் சுற்றி வைத்திருப்பார். வேறு யார் எடுத்தாலும் கைக்கு ஒட்டாது என்று அவரே பெருமையாகச் சொல்வார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்கு உடம்பு கெட்டது. காதில் யாரோ பேசுகிற மாதிரி கேட்கும், தூக்கம் கிடையாது. ஊருக்குப் போகிறேன் என்று ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டு வைத்தியம் பார்த்துத் திரும்பினார். அதிலிருந்து மாத்திரை தவறியதில்லை, வேலையும் தவறியதில்லை. யூனிட்டில் யாருக்கும் தெரியாது. என் நண்பன் போட்ட அவருடைய வட்டப்படத்தில் இருந்ததிலேயே தடித்த கோடு, அவருக்கும் அந்த வெட்டுகிற மேசைக்கும் நடுவில்தான். சொந்தக்காரர்கள் பக்கம் எல்லாம் புள்ளிக்கோடுதான்.

ஒரு மே மாதம், யூனிஃபார்ம் சீசன். சாயங்கால டீ நேரம். நான் அந்தப் பக்கமாக வண்டியில் போகிறேன். யூனிட்டுக்கு எதிரே டீக்கடையில் மாஸ்டர் நிற்கிறார். பக்கத்தில் முதலாளி, தையல் அக்காமார் இரண்டு பேர். நான் வண்டியை ஓரம் கட்டினேன். மனசு நிறையப் பாசத்தோடுதான் கத்தினேன், அதைச் சொல்லிவிட வேண்டும்.

“மாஸ்டரண்ணே, வியாழக்கெழம மறந்துராதீக. மாத்திர வந்துருச்சு. முன்ன மாதிரி தூக்கம் கெட்டா ஒடனே ஃபோன் போடுங்க.”

மாஸ்டர் டீயைக் குடிக்கவில்லை. கிளாஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளிதான் கேட்டார். “என்ன மாத்திர தம்பி?”

“அது ஒண்ணுமில்லண்ணே, சத்து மாத்திர.”

முதலாளி என்னைப் பார்க்கவில்லை, என் தோளைப் பார்த்தார். தோளில் ஆபீஸில் கொடுத்த பை தொங்கியது. ‘மனநோய் மறைக்க வேண்டிய நோய் அல்ல’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பை. அதை மாட்டிக்கொண்டுதான் சத்து மாத்திரை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை மாஸ்டர் மாத்திரை வாங்க வரவில்லை.

மறுநாள் மாத்திரையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வேலை நாள், ஆனால் வீட்டில் இருந்தார். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மூலைக்கு மூலை சரியாக வைத்து, கையால் தேய்த்து, அடுக்கினார். மடித்ததைத் திரும்பப் பிரித்து மடித்தார்.

“கத்திரிய வாங்கி லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டாரு” என்றார். “கோவமெல்லாம் இல்ல. மாஸ்டர், நீங்க கொஞ்ச நாளு சட்டய மடிச்சுக் கவர் போடுங்கன்னு சொன்னாரு. மேசையில புதுசா ஒரு பையன் வெட்டுறான். காலர் பூரா கோணலாப் போகுது. அத நான் மடிச்சுக் கவர் போடணும். மூணு நாளு போட்டேன். இன்னைக்குப் போகல.”

என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். எனக்கு அது கைவந்த கலை. அவர் திட்டவில்லை.

“நீங்க நல்ல மனசோடதான் சொன்னீக தம்பி” என்றார்.

அதைக் கேட்ட பிறகு அந்த வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. மாத்திரையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வண்டியை எடுப்பதற்குள் என் மண்டையில் திட்டம் தயார். முதலாளியிடம் நானே போவது. நாலு ஜோக் அடிப்பது. டாக்டரிடம் ஒரு லெட்டர் வாங்கி நீட்டுவது. மசியாவிட்டால் அந்த ஏரியாவில் கட்சிக்கார அண்ணன் ஒருத்தர் எனக்குப் பழக்கம், அவரை விட்டு ஒரு வார்த்தை சொல்ல வைப்பது. சாயங்காலத்துக்குள் கத்திரி கைக்கு வந்துவிடும்.

ஆபீஸில் போய் நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், திட்டத்தையும் சேர்த்து. அவன் சத்தம் போடுவான் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டான்.

“அவருக்காக நீ ஒரு தடவ பேசுனது போதாதா?”

வண்டிச் சாவியை அவன் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அவன் ஃபைலில் இருந்து மாஸ்டரின் வட்டப்படத்தை உருவி மேசையில் வைத்தான். அந்தத் தடித்த கோட்டின் மேல் விரலை வைத்தான். “நீ கால வச்சது இதுல. இப்ப அந்த மொதலாளியப் போயி மெரட்டுனா இன்னொரு காலயும் வப்ப.”

“அப்ப என்னதான்டா செய்யிறது? கையக் கட்டிட்டு ஒக்காரவா?”

“அவர்ட்ட கேளு, அவருக்கு என்ன வேணும்னு. அந்தப் பொஸ்தகத்துல இருக்குறது பூராம் அம்புட்டுத்தான். ஒனக்குப் புரியிற பாஷையில அம்புட்டுத்தான்.”

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மாஸ்டர் வீட்டுக்குப் போனோம். முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன். ஜோக் எதுவும் சேர்க்காமல் கேட்டேன், அது எனக்கே புதுசாக இருந்தது. அப்புறம் நண்பன் அந்தத் தாளை அவர் முன்னால் விரித்து, எந்த வட்டம் எது என்று சொன்னான். மாஸ்டர் ரொம்ப நேரம் பார்த்தார். கோடு போடுகிற தொழில்காரர் இல்லையா.

“இந்தக் கோடு சரியா இருக்கு” என்று அந்தத் தடித்த கோட்டைக் காட்டினார். அப்புறம் என்னிடம் திரும்பினார். “இதுல நீங்க எங்க இருக்கீக தம்பி?”

நான் நண்பனைப் பார்த்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உதவுகிற உத்தேசம் அவனுக்கு இல்லை.

“நீங்க எங்க வக்கிறீகளோ அங்கண்ணே.”

மாஸ்டர் தாளைத் தாண்டி, பாயில் ஓர் இடத்தைத் தொட்டார். “வெளிய. எதுத்தாப்புல டீக்கடையில. நாளைக்கி நான் போயி மொதலாளிட்ட பேசுறேன். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு. நீங்க டீக்கடையில ஒக்காருங்க. உள்ள வராதீக. வாயத் தொறக்காதீக.”

“வாயத் தொறக்காமயா?” என்று நண்பன் கேட்டான். “அண்ணே, அது அவனால முடியாது. வேற ஏதாச்சும் சொல்லுங்க.”

மாஸ்டர் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அவர் வீட்டுக்கார அக்கா பின்னால் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். பையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மாஸ்டர் வந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் தினத்தந்தி விளம்பரம் படிக்கிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். மாடிப்படி ஏறிப் போனார். மாடி ஜன்னலில் தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டு டீ குடித்தேன். ஒரு வடை. டீக்கடைக்காரர் “என்ன தம்பி, இன்னைக்கி அமைதியா இருக்க, ஒடம்புக்கு முடியலயா?” என்றார். தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்றாவது டீயில் முதலாளி இறங்கி வந்தார். நேராக என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது.

“தம்பி, நீ அந்த ஆபீஸ்தான? மாஸ்டரு மேல ஒக்காந்துருக்காரு. கத்திரியக் குடுங்கன்னு கேக்குறாரு. நீ சொல்லு. நம்பிக் குடுக்கலாமா?”

இதற்காகவே பிறந்த வாய் என்னுடையது. எத்தனை பதில் என் நாக்கு நுனியில் நின்றது என்று எனக்குத்தான் தெரியும். தாராளமாகக் குடுங்கண்ணே, நான் கேரண்டி. டாக்டரே சொல்லியிருக்காருண்ணே. ஒரு வார்த்தை போதும், மனுசன் சரி என்றுவிடுவார் போலத்தான் முகம் இருந்தது. ஆனால் நான் அதைச் சொன்னால் அந்தக் கத்திரி என் சிபாரிசில் வந்த கத்திரி ஆகிவிடும். நாளைக்கு மாஸ்டர் ஒரு தும்மல் தும்மினாலும் முதலாளி என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்.

“அத மாஸ்டர்ட்டயே கேளுங்கண்ணே.”

“அவர்ட்டயே கேக்குறதுன்னா ஒன்ட்ட எதுக்குக் கேக்குறேன்?”

“அவரப் பத்தி நான் பேசக் கூடாதுண்ணே. அன்னைக்குப் பேசுனதே தப்பு. அவருதான் மேல இருக்காருல்ல.”

முதலாளி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். உதவாத பையன் என்று நினைத்திருப்பார். பாதி டீயை ரோட்டில் ஊற்றிவிட்டு மாடி ஏறினார்.

மத்தியானம் வரை உட்கார்ந்தும் மாஸ்டர் இறங்கி வரவில்லை, டீக்காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். நான் சொன்னது சரியா, ஒரு மனுசனின் பிழைப்பை ஒரு புத்தகத்துக்காகக் கெடுத்துவிட்டேனா என்று தெரியவில்லை. அன்றைக்கு நண்பன் பக்கத்தில் இருந்திருந்தால் அவன் கழுத்தைப் பிடித்திருப்பேன்.

மேலே நடந்தது, மாஸ்டர் அப்புறம் சொல்லித்தான் தெரியும். மாத்திரை அட்டையை எடுத்து வெட்டுகிற மேசையின் மேல் வைத்திருக்கிறார். “மூணு வருசமா இதப் போட்டுக்கிட்டுத்தான் வெட்டுறேன். இந்த மூணு வருசத்துல என்னால கெட்ட துணி ஒண்ணு காட்டுங்க. அப்பல்லாம் நீங்க பயப்படல. இந்த ஒரு வாரமாத்தான் பயப்படுறீக. நான் மாறல, ஒங்களுக்குத் தெரிஞ்சதுதான் மாறியிருக்கு” என்று சொல்லியிருக்கிறார். முதலாளி கீழே வந்து என்னிடம் கேட்டுவிட்டு, திரும்பப் போய் அவரிடமே, “சரி, ஒடம்பு சரியில்லன்னா எனக்கு எப்டித் தெரியும்?” என்று கேட்டிருக்கிறார். “தூக்கம் வரலன்னா நானே வந்து சொல்லிருவேன், லீவு குடுங்க” என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். எங்கள் ஆபீஸில் மூன்று பேர் உட்கார்ந்து பேசினாலும் அதைவிட நல்ல ஏற்பாடு வந்திருக்காது.

கத்திரி வெளியே வந்தது. ஒரு நிபந்தனையோடு: ஒரு வாரம் முதலாளி பக்கத்திலேயே நின்று பார்ப்பாராம். முதல் நாள் முழுக்க நின்றார். இரண்டாம் நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் ஃபோன் பேசிக்கொண்டே வெளியே போனவர் திரும்பி வரவில்லை. சீசன் நேரத்தில் ஒரு ஆள் வெட்டுவதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்?

இதெல்லாம் எனக்குத் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, ஏனென்றால் நான் அவரிடம் கேட்கவில்லை. அடுத்த மாத்திரை நாளில் அவர் வந்தபோது டாக்டர் அறையில் கூட்டம், பேச முடியவில்லை. அதற்கு அடுத்த வாரம் சனிக்கிழமை பஸ் ஸ்டாப்பில் அவரைப் பார்த்தேன். கூட யாரோ ஒருத்தர், சொந்தக்காரர் சாயல். எனக்குக் கை தூக்க வந்தது, வாயும் பாதி திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு தெரிந்த மனுசனைத் தாண்டி வண்டியை ஓட்டினேன். முதுகெல்லாம் கூசியது.

“ஏ தம்பி.”

பிரேக் போட்டேன்.

“என்ன, பாத்துட்டுப் பாக்காத மாதிரி போறீக? அம்புட்டுப் பெரிய ஆளாகிட்டீகளா?” என்று மாஸ்டர் சத்தமாகக் கேட்டார். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, “எனக்குத் தெரிஞ்ச தம்பி” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் அவ்வளவோடு நின்றேன்.

“வேலையெல்லாம் எப்டிண்ணே போகுது?”

“கை வலிக்கிது” என்று வலது கையை விரித்து, கத்திரி பிடிக்கிற மாதிரி இரண்டு தடவை மூடித் திறந்து காட்டினார். முகம் பூரா சிரிப்பு.

கூட வந்தவர் பஸ் ஏறிப் போன பிறகு, அங்கேயே நின்று மேலே நடந்ததை எல்லாம் சொன்னார். அப்போது கேட்டேன், இதை எழுதலாமா என்று. யோசித்தார்.

“எம் பேரு வேணாம். ஏரியாவ மாத்திருங்க. கத்திரிய மட்டும் மாத்தாதீக.”

ஆகவே நான் வில்லாபுரம் என்று எழுதிய இடம் வில்லாபுரம் இல்லை. தேடிப் போகிறவர்கள் பெட்ரோலை மிச்சம் பிடிக்கலாம்.

இதைச் சொல்வதால் நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வட்டப்படத்தை இப்போதும் கோலம் என்றுதான் சொல்கிறேன், ஆனால் இப்போது நானும் போடுகிறேன், என் கோடுகள் அவனுடையதை விட நேராக இருக்கின்றன. வீடுகளில் எனக்குத்தான் இன்னமும் முதலில் காப்பி வருகிறது. பையை மட்டும் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டு மாட்டிக்கொள்கிறேன்.

எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து நண்பனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். கீழே, “படிச்சுட்டு இப்பவாச்சும் ஒத்துக்க மாப்ள, நான் சோஷியல் ஒர்க்கரா இல்லையா?” என்று போட்டேன். நீல டிக் விழுந்தது. அப்புறம் ஒரே ஒரு வரி வந்தது.

“தெருவுல அவரே ஒன்னையக் கூப்புட்டுட்டாரு, அப்பறம் என்னைய எதுக்குடா கேக்குற, போயி ஃபைல எழுது.”